"ஹோல்ட் ஆஃப்" என்றால் நிறுத்தி வை என்பதா, நிறுத்தத்தை நீக்கு என்பதா? ஃபிரேசல் வெர்ப் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: பின்னலாடைக்காரி, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிப்பவராக) வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் ஆங்கிலவழிதான் என்றாலும், நாள் முழுவதும் ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் நேர்ந்தது இந்த வேலைக்கு வந்த பிறகுதான். பையர்கள், அதாவது எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்கள், அனுப்பும் மின்னஞ்சல்களில் எனக்குத் தெரியாத சொல் என்று பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. நன்றாகத் தெரிந்த இரண்டு சொற்கள் ஒன்றாகச் சேர்ந்து, எனக்குத் தெரியாத மூன்றாவது பொருளைத் தரும் ஃபிரேசல் வெர்ப்தான் என் சிக்கல்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டி-ஷர்ட் ஆர்டருக்குச் சைஸ் செட் சாம்பிள் (ஒவ்வோர் அளவிலும் தைத்த மாதிரி) அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்தோம். அதுவரை கட்டிங் தொடங்கக் கூடாது என்று அந்த ஆர்டரை "ஹோல்ட்" என்று எழுதி வைத்திருந்தோம். பையரிடமிருந்து ஒரு வரி வந்தது: "ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் கட்டிங் அன்டில் வி சைன் ஆஃப் ஆன் த சைஸ் செட்." எங்கள் அலுவலகத்தில் "ஹோல்ட்" என்றால் நிறுத்தி வைத்த ஆர்டர், "ஆஃப்" என்றால் அணைப்பது, எடுத்துவிடுவது. ஆகவே "ஹோல்டை எடுத்துவிட்டுக் கட்டிங் போடலாம், சைஸ் செட் ஒப்புதல் பின்னால் வரும்" என்று நான் படித்துக்கொண்டேன். "அன்டில்" என்ற சொல் உறுத்தத்தான் செய்தது. அவசரத்தில் அதைக் கடந்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் வந்து, "ஏனுங்க அம்முணி, லே போட்டுறலாமுங்களா?" என்று கேட்டபோது, போடலாம் என்று சொன்னது நான்தான். (லே என்பது வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரிப்பது.)

240 கிலோ துணி வெட்டிய பிறகு, உடல் நீளத்தை 2 செ.மீ. கூட்டச் சொல்லிப் பையரின் திருத்தம் வந்தது. எல் அளவுக்கு வெட்டியதை எம் அளவுக்குக் குறைத்து வெட்டி ஒரு பகுதியைக் காப்பாற்றினோம். மீதி வேஸ்ட்டுக்குப் போயிற்று. முதலாளி என்னைக் கடிந்துகொள்ளவில்லை; "அடுத்த முறை கேட்டுட்டுச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். கடிந்துகொண்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஃபிரேசல் வெர்ப் ஒரு மதிப்பெண் வினாவாக வரும் என்பதற்காக ஒரு பட்டியலையே மனப்பாடம் செய்திருக்கிறேன். "புட் ஆஃப்" என்றால் "போஸ்ட்போன்", "கால் ஆஃப்" என்றால் "கேன்சல்" என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது அந்தப் பட்டியல் கைகொடுக்கவில்லை. அந்த ஒரே வரியில் "ஆஃப்" இரண்டு முறை வருகிறது. ஒன்று வேலையைத் தடுக்கிறது, மற்றொன்று ஒப்புதல் தருகிறது. இந்தச் சிறுசொற்களுக்கு ஏதாவது ஒழுங்கு உண்டா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லையா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பெருந்துறை

அன்புள்ள அம்மணி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தடுமாறிய இடம் ஆங்கிலத்தில் எளிய இடம் அன்று. 1755-இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகையே அயல்மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தருகிறது என்று அதன் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த அமைப்பு புதியதன்று என்பதை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்று நான் கண்டிருக்கிறேன். "கண்டுபிடி" என்ற சொல்லைப் பாருங்கள். அதில் காண்பதும் இருக்கிறது, பிடிப்பதும் இருக்கிறது. ஆனால் தொலைந்த சாவியைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லும்போது நாம் கண்டு, பிறகு பிடித்தோம் என்று எண்ணுவதில்லை. "விட்டுக்கொடு" என்பதை வெட்டிப் பார்த்தால் விடுவதும் கொடுப்பதும்தான் கிடைக்கும். இணங்கிப் போதல் என்ற பொருள் அந்த இரண்டில் எதனுள்ளும் இல்லை, இரண்டும் சேர்ந்த இடத்தில் மட்டுமே இருக்கிறது. "தள்ளிப்போடு" என்பதையும் "புட் ஆஃப்" என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "புட்" என்பது போடு, "ஆஃப்" என்பது தள்ளி. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே வகையில் எண்ணியிருக்கின்றன. வேறுபாடு என்னவென்றால், தமிழ் இரண்டு வினைகளைக் கோக்கிறது. ஆங்கிலம் ஒரு வினையோடு திசையையோ இடத்தையோ காட்டும் ஒரு சிறுசொல்லைக் கோக்கிறது.

நம் கொங்குப் பேச்சிலேயே இதற்கு இன்னும் நெருக்கமான சான்று உண்டு. மற்ற ஊர்களில் "மறந்துவிட்டேன்", "சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லும் இடத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் "மறந்துபோட்டேன்", "தின்னுபோட்டு வாறேன்" என்பார்கள். பள்ளியில் எனக்குச் சக ஆசிரியராக இருந்த ஒருவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர்; வந்த புதிதில், மறந்ததை எங்கே போட்டார்கள் என்று உண்மையாகவே கேட்டார். அங்கே போடுதல் எதுவும் இல்லை. வினை முற்றாக நடந்து முடிந்தது என்பதை மட்டுமே "போடு" காட்டுகிறது. ஆங்கிலத்தில் "ஈட் அப்", "யூஸ் அப்", "ட்ரிங்க் அப்" என்று வரும் "அப்" செய்யும் வேலையும் இதுவே. அங்கே மேலே போவது எதுவுமில்லை. படிவத்தை நிரப்புவதற்குப் பிரிட்டனில் "ஃபில் இன்" என்று சொல்வதையே அமெரிக்காவில் "ஃபில் அவுட்" என்று சொல்வது, நாம் "போட்டு" என்பதும் பிறர் "விட்டு" என்பதும் போன்றதுதான்.

இனி உங்கள் "ஆஃப்". அதன் அடிப்படைப் பொருள் விலகல். "ஹோல்ட் ஆஃப்" என்பதில் "ஹோல்ட்" பிடித்து வைத்தல், "ஆஃப்" விலக்கி; எனவே, அருகில் வரவிடாமல் தள்ளியே நிறுத்தி வைத்தல். பையர் சொன்னது, சைஸ் செட்டுக்கு ஒப்புதல் தரும்வரை கட்டிங் தொடங்காதீர்கள் என்பதுதான். மழை வரும்போல் இருந்தும் பெய்யாமல் நின்றால் "த ரெயின் ஹெல்ட் ஆஃப்" என்பார்கள். "சைன் ஆஃப்" என்பதை, கையெழுத்திட்டு வேலையை முடித்துத் தம் கையைவிட்டு அனுப்புவது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். "பே ஆஃப்" என்றால் கடனை முழுவதும் கட்டி அதிலிருந்து விலகுவது. "செட் ஆஃப்" என்றால் இருந்த இடத்தைவிட்டு விலகிப் பயணம் தொடங்குவது. தொடக்கம், முடிவு, தடை என்று வெவ்வேறாகத் தெரிபவை எல்லாம் அந்த ஒரே விலகலின் கிளைகள்.

நாம் "ஆஃப்" என்றவுடன் அணைப்பது என்று எண்ணுவதற்குக் காரணம், ஆங்கிலத்தின் "ஸ்விட்ச் ஆஃப்" என்பதிலிருந்து வினையை விட்டுவிட்டுச் சிறுசொல்லை மட்டும் எடுத்து "லைட்டை ஆஃப் பண்ணு" என்று தமிழாக்கிக்கொண்டதுதான். என் மாணவர்கள் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி "ஆஃப் த ஃபேன்" என்று எழுதுவார்கள்; வினை எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். இதே பழக்கத்தால் "த அலாரம் வென்ட் ஆஃப்" என்பதை அலாரம் நின்றுவிட்டது என்று படிப்பவர்களும் உண்டு. உண்மையில் அலாரம் ஒலித்தது என்பதே அதன் பொருள். "த லைட்ஸ் வென்ட் ஆஃப்" என்றால் மட்டும் விளக்குகள் அணைந்தன.

தமிழ் இலக்கணத்தில் இடைச்சொல் என்று ஒரு வகை உண்டு. அது தனித்து நின்று இயங்காது. பெயரோடும் வினையோடும் சேர்ந்தே பொருள் தரும். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் என்று எங்கள் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைச் சொல்வது இப்பகுதி வழக்கம். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஆங்கிலச் சிறுசொற்களை நம் இடைச்சொல்லின் கண்ணோடு பார்க்க மாணவர்களைப் பழக்கியது எனக்கு எப்போதும் நிறைவு தந்தது. தனியாக "ஆஃப்" என்றால் என்ன என்று கேட்காமல், இந்த வினையோடு "ஆஃப்" என்ன செய்கிறது என்று கேட்டுப் பழகுங்கள்.

பதில்: மோட்டார் பணிமனை, பீளமேடு

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் அருமை. போடு, விடு உவமை என் மனத்தில் தைத்துவிட்டது. ஆனாலும் ஓர் இடத்தில் நான் வேறுபடுகிறேன். "ஆஃப் என்றால் விலகல்" என்ற விதியை வைத்துத்தான் இந்தச் சகோதரியும் "ஹோல்டிலிருந்து விலகு" என்று படித்திருக்கிறார். அந்த விதி அவரைக் காப்பாற்றவில்லை. பொருள் தெரிந்த பிறகு அதை நினைவில் நிறுத்த விதி உதவும். பொருள் தெரியாதபோது விதியை வைத்து ஊகிப்பது ஆபத்து என்று நான் கைப்பட அறிந்தவன்.

கோவையில் பம்ப்செட், மோட்டார் பழுதுபார்க்கும் பணிமனை வைத்திருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வெளிநாட்டுப் பம்ப்பின் கையேட்டில், கிளாண்ட் நட்டை (ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள அடைப்பான பேக்கிங்கை அழுத்தும் நட்டை) இறுக்கிய பிறகு "பேக் ஆஃப்" அரைச் சுற்று என்று இருந்தது. "பேக்" என்றால் பின்பக்கம், ஆகவே பின்பக்கமாக இன்னும் அரைச் சுற்று தள்ளி இறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், இறுக்கியதை அரைச் சுற்று தளர்த்து என்பதே அதன் பொருள். கிளாண்ட் பேக்கிங் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்தால்தான் பேக்கிங்கும் ஷாஃப்ட்டும் குளிர்ச்சியாக இருக்கும். நான் ஒரு சொட்டும் வராமல் இறுக்கி ஓட்டிப் பார்த்து, "ஒழுகவில்லை" என்று மகிழ்ந்தேன். சிறிது நேரத்தில் பேக்கிங் கருகி, ஷாஃப்ட் ஸ்லீவில் (ஷாஃப்ட்டின் மேலுள்ள உறையில்) வரிவரியாகக் கீறல் விழுந்துவிட்டது. புதிய ஸ்லீவ் என் செலவில் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் கைக்கொண்ட வழி, என் தொழிலில் வருகிறவற்றை மட்டும் இயந்திரத்தின் முன் நின்று கற்பது. மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோனால் "பர்ன் அவுட்". கட்டடம் எரிந்து தரைமட்டமானால் "பர்ன் டவுன்". இரண்டும் எரிதல்தான் என்றாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. பேரிங் தேய்ந்துபோனால் "வேர் அவுட்", எண்ணெய் தீர்ந்துபோனால் "ரன் அவுட்". எரிந்துபோ, தேய்ந்துபோ, தீர்ந்துபோ என்று நாம் "போ" சேர்க்கும் இடங்களில் என் பட்டறையைப் பொறுத்தவரை "அவுட்" பொருந்தி வருகிறது. ஆனால் பட்டறைக்கு வெளியே "கேரி அவுட்" என்றால் நிறைவேற்று, "ஃபைண்ட் அவுட்" என்றால் கண்டுபிடி. அங்கே எதுவும் தேய்ந்துபோகவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் திடீர் திடீரென்று நின்றால் "கட்டிங் அவுட்" என்று எழுதுவார்கள். நம் ஊரில் "கட் அவுட்" என்றால் சாலையோரம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் உருவப்பலகை. என்னிடம் வேலை கற்ற ஒரு பையன் அப்படி வந்த ஒரு புகார்க் கடிதத்தைப் படித்துவிட்டு, மோட்டார் கம்பெனிக்காரர்கள் விளம்பரப் பலகை கேட்கிறார்கள் என்றே சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்குத் தெரிந்த "கட் அவுட்" அது ஒன்றுதான்.

பின்னலாடைக்காரி, திருப்பூர்

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. "அன்டில்" உறுத்தியபோதே நான் நின்றிருக்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. பேக்கிங் கருகிய செய்தியைப் படித்தபோது என் 240 கிலோ துணி கண்முன் வந்தது.

இன்னோர் ஐயம் இருக்கிறது. பையருக்கு எழுதும்போது இவற்றைப் பயன்படுத்தலாமா, அல்லது "போஸ்ட்போன்" போன்ற ஒற்றைச் சொல்லையே எழுதுவது மரியாதையா? டையிங்கில் (சாயமேற்றுவதில்) தாமதமானதால் ஒரு ஷிப்மெண்ட்டைப் பத்து நாள் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. "வி ஹாவ் டு புட் ஆஃப் இட் பை டென் டேஸ்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பும் முன் யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: வீட்டுத் துணி ஏற்றுமதி, கரூர்

தங்கச்சி, இருபது ஆண்டுகளாகப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். "போஸ்ட்போன்" என்று எழுதினால் தவறே இல்லை. ஒப்பந்தம், கடன் கடிதம் (லெட்டர் ஆஃப் கிரெடிட்), வங்கிக்கு எழுதுவது ஆகியவற்றில் நான் ஒற்றைச் சொல்லைத்தான் எழுதுவேன். அங்கே இரண்டு பொருளுக்கு இடம் வைக்கக் கூடாது. ஆனால் பையரோடு அன்றாடம் நடக்கும் மின்னஞ்சலில் அவர்கள் இயல்பாகக் கூட்டுவினையில்தான் எழுதுகிறார்கள். நாமும் அவ்வாறு எழுதினால் மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ணுவதில்லை.

"புட் ஆஃப்" என்பதில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. செய்ய மனமில்லாமல் நாளைக் கடத்துவதற்கும் அதே சொல் வருவதால், நம் தாமதத்தைச் சொல்லும் இடத்தில் நான் அதைத் தவிர்ப்பேன். நாளைப் பின்னால் நகர்த்துவதற்கு எங்கள் பையர்கள் "புஷ் பேக்" என்றும், முன்னால் கொண்டுவருவதற்கு "பிரிங் ஃபார்வர்ட்" என்றும் எழுதுகிறார்கள். முன்னால் கொண்டுவருவதற்கு நம் நாட்டில் எல்லோருக்கும் பழகிப்போன "பிரீபோன்" வெளிநாட்டில் பலருக்குப் புரியாது. ஒரு முறை நான் எழுதி, அப்படியென்றால் என்ன என்று பதில் வந்திருக்கிறது. "பாஸ் அவுட்" என்பதும் அப்படித்தான். நாம் கல்லூரிப் படிப்பை முடித்ததைச் சொல்கிறோம். அவர்களில் பலருக்கு அது மயங்கி விழுந்ததாகத் தோன்றும். சமாளிப்பதைச் சொல்ல "கோப் அப் வித்" என்று நம்மில் பலர் எழுதும் "அப்" தேவையே இல்லை. "கோப் வித்" போதும்.

எங்கள் தொழிலுக்கே "மேட் அப்ஸ்" என்றுதான் பெயர். துணியாக விற்காமல் வெட்டித் தைத்து முடித்த பொருளாக விற்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் "மேட் அப் ஸ்டோரி" என்றால் கட்டிய கதை. "மேக் அப் ஃபார் த டிலே" என்றால் தாமதத்தை ஈடுகட்டு. ஒரே கூட்டு எந்தச் சொல்லோடு வருகிறது என்பதைப் பொறுத்துத் திரும்பிக்கொள்கிறது. அதனால் நான் சொற்களைத் தனியாக எழுதி வைப்பதில்லை. ஒரு நோட்டில் தாமதம், ஒப்புதல், நிராகரிப்பு, விலைப் பேச்சு என்று பக்கம் பிரித்து, பையர் எழுதிய முழு வாக்கியத்தையும் அப்படியே எழுதிக்கொள்வேன். என் சலுகையை மறுத்து அவர்கள் எழுதிய "டர்ன் டவுன்" வாக்கியம், நான் மறுக்க வேண்டிய நாளில் எனக்கே பயன்பட்டது.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பெருந்துறை

பீளமேட்டு நண்பர் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் விதியைச் சொன்ன முறையில், அதை ஊகிப்பதற்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடும். அகராதியில் "ஹோல்ட்" என்ற சொல்லின் கீழேயே "ஹோல்ட் ஆஃப்", "ஹோல்ட் அப்", "ஹோல்ட் ஆன்" எல்லாம் தனித்தனியாக இருக்கும். முதலில் அதைப் பாருங்கள், பிறகு விதியால் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மணி, உங்கள் வாக்கியத்தில் "புட் ஆஃப் இட்" என்பது பிழை; "புட் இட் ஆஃப்" என்று வர வேண்டும். "த ஷிப்மெண்ட்" என்று பெயர்ச்சொல் வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். "இட்", "தெம்" போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்காரும். ஆனால் "லுக் ஆஃப்டர் ஹெர்" என்பதைப் பிரிக்க முடியாது. "கெட் பேக் டு யூ", "புட் அப் வித் இட்" போன்ற மூன்று சொல் கூட்டுகளும் அப்படியே. எது பிரியும், எது பிரியாது என்பதை வாயால் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் காதே காட்டிக்கொடுக்கும். "ஸ்விட்ச் இட் ஆஃப்" என்னும்போது குரல் "ஆஃப்" மேல் அழுந்தும். "லுக் அட் இட்" என்னும்போது "அட்" மேல் அழுந்தாது. குரல் அழுந்தும் சிறுசொல்லே சுட்டுப்பெயருக்கு வழிவிடும். "ஆஃப்டர்" போல இரண்டு அசையுள்ள சில சொற்களில் இந்தச் சோதனை தெளிவாக இராது. அவற்றை வாக்கியத்தோடு மனத்தில் வைக்க வேண்டியதுதான்.

நடுவில் இன்னொரு சொல் நுழைவது நமக்கு விந்தையன்று. "விட்டுக்கொடுத்தேன்" என்பதை அழுத்திச் சொல்லும்போது "விட்டுத்தான் கொடுத்தேன்" என்கிறோம். "தள்ளித்தான் போட்டார்கள்" என்கிறோம். பிரித்த பிறகும் பொருள் ஒன்றாகவே நிற்கிறது.

கரூர் அம்மையார் சொன்னபடி, "வி நீட் டு புஷ் இட் பேக் பை டென் டேஸ்" என்று எழுதிக் காரணத்தையும் புதிய தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். தேதியை எழுத மறக்காதீர்கள். "பேக்" எந்தப் பக்கம் என்று படிப்பவருக்குச் சிறு ஐயம் வந்தாலும் தேதி அதைத் தீர்த்துவிடும்.

பின்னலாடைக்காரி, திருப்பூர்

ஐயா சொன்னபடியே, தூத்துக்குடிக்குச் சரக்கு ஏறும் புதிய தேதியையும் குறிப்பிட்டு நேற்று அனுப்பினேன். இன்று காலை ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது: "வி கேன் லிவ் வித் தட்." "லிவ்" தெரியும், "வித்" தெரியும், முழு வரியும் தெரியவில்லை. அகராதியில் "லிவ்" என்பதன் கீழே தேடினேன். விருப்பமில்லாவிட்டாலும் ஏற்றுப் பொறுத்துக்கொள்ளுதல் என்று இருந்தது. இருந்தாலும் ஊகத்தில் விடாமல், புதிய தேதியை உறுதிசெய்ய முடியுமா என்று திரும்ப எழுதிக் கேட்டேன். "எஸ், கன்ஃபர்ம்ட்" என்று வந்த பிறகுதான் கட்டிங் மாஸ்டரிடம் லே போடச் சொன்னேன். நோட்டில் தாமதம் என்ற பக்கத்தில் முதல் வாக்கியமாக அதை எழுதிவிட்டேன், அக்கா.